நிலத்தின் கணக்கும் உடலின் கணக்கும்: பாலாற்றுத் தோல் பதனிடும் வட்டாரத்தில் குரோமிய நச்சின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களை உள்ளடக்கிய பாலாற்றுப் படுகை, இந்தியத் தோல் பதனிடும் தொழிலில் முதன்மையான இடம் பெற்ற வட்டாரமாகும். இத்தொழில் மரப்பட்டைகளிலிருந்து குரோமிய உப்புகளுக்கு மாறிய வரலாற்றையும், குரோமியம் உயிரினங்களில் விளைவிக்கும் நச்சுத்தன்மையையும் இக்கட்டுரை இணைத்து ஆராய்கிறது. குரோமியத்தால் உடலுக்கு நேரும் தீங்கு 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் பதிவாகியிருந்தது. இந்தியச் சட்டமும் 1948இல் அதனை ஏற்றிருந்தது. அவ்வாறிருந்தும், 1996ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து உருவான இழப்பீட்டு முறை, தீங்கினைப் பெரிதும் நிலப்பரப்பாலும் விளைச்சல் இழப்பாலுமே அளந்தது. நிலத்தின் கணக்கு எழுதப்பட்டு, உடலின் கணக்கு எழுதப்படாமல் நின்றதே இவ்வட்டாரச் சூழல் வரலாற்றின் அடிப்படைக் குறை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கன உலோகம், குரோமியம், பாலாறு, அணைக்கட்டு, தோல் பதனிடுதல், இழப்பீடு, தொழில்சார் நோய்.

முன்னுரை

அடர்த்தி மிக்க உலோகங்களும் அவற்றை ஒத்த சில தனிமங்களும் கன உலோகங்கள் என வழங்கப்படுகின்றன. துத்தநாகம், செம்பு போன்றவை மிகச் சிறிய அளவில் உயிர்களுக்கு இன்றியமையாதவை. அளவு கூடும்போது அவையே நஞ்சாகின்றன. பாதரசம், காரீயம், காட்மியம் ஆகியவற்றால் மனித உடலுக்குப் பயன் ஏதுமில்லை. விலங்குக் கழிவு, மரச்சாறு போன்ற கரிமப் பொருள்களை நுண்ணுயிர்கள் காலப்போக்கில் சிதைத்துவிடும். உலோகத்தைச் சிதைக்க எவ்வுயிராலும் இயலாது. அதன் வேதி வடிவம் மாறலாம், மண்ணிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து வேருக்கும் அது பெயரலாம், அழிவதில்லை.

இவ்வியல்பினால் கன உலோக மாசு ஒரு வேதியியற் சிக்கலாக மட்டும் நிற்பதில்லை. வரலாற்று ஆய்வுக்குரிய பொருளாகவும் ஆகிறது. தொழிற்சாலை மூடப்பட்ட பின்னும், உரிமையாளர் மாறிய பின்னும், மாவட்ட எல்லைகள் திருத்தப்பட்ட பின்னும் உலோகம் இருந்த இடத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. யார், எப்போது, எக்கொள்கையின்படி அதனை அங்குக் கொண்டுவந்தனர் என்ற கேள்வியும், அதன் தீங்கை யார், எவ்வளவுகோலால் அளந்தனர் என்ற கேள்வியும் வரலாற்றுக் கேள்விகளே. இவ்விரு கேள்விகளையும் பாலாற்றுப் படுகையை முன்வைத்து இக்கட்டுரை எழுப்புகிறது.

ஆறும் அணைக்கட்டும்

கர்நாடகத்தின் நந்திமலைப் பகுதியில் தோன்றும் பாலாறு ஏறத்தாழ 348 கிலோமீட்டர் ஓடி வங்கக் கடலில் கலக்கிறது. இதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதியில் இவ்வாற்றின் மேற்பரப்பில் நீரோட்டம் இராது. எனினும் மணற்படுகையின் கீழே நீர் ஊறிக்கொண்டிருக்கும். கிணறுகளும், ஆற்றுமணலைத் தோண்டி நீரை இழுக்கும் ஊற்றுக்கால்களும் இவ்வட்டார வேளாண்மையின் உயிர்நாடியாக இருந்தன. மேலே ஓடாமல் கீழே ஊறும் ஆறு என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. ஓடும் ஆற்றில் கலக்கும் கழிவு வெள்ளத்தோடு அடித்துச் செல்லப்படும். வறண்ட மணலில் விடப்படும் கழிவோ அங்கேயே இறங்கி நிலத்தடி நீரில் சேரும்.

பாலாற்றின் தென்கரைப் பகுதியில், ஆம்பூருக்கும் வேலூருக்கும் இடையே அமைந்தது அணைக்கட்டு வட்டம். பள்ளிகொண்டா, ஒடுகத்தூர் முதலிய ஊர்கள் இவ்வட்டத்தைச் சேர்ந்தவை. ஜவ்வாது மலையிலிருந்து வரும் உத்திரகாவேரி இப்பகுதி வழியாகவே பாலாற்றை அடைகிறது. ‘அணைக்கட்டு’ என்ற தமிழ்ச் சொல் ‘அனிகட்’ என்ற வடிவில் ஆங்கிலத்திலும் ஏறி, 19ஆம் நூற்றாண்டுப் பாசனப் பொறியியலின் கலைச்சொல்லாயிற்று. வாலாஜாப்பேட்டை அருகே பாலாற்றின் குறுக்கே 1850களில் எழுப்பப்பட்ட அணைக்கட்டு, காவேரிப்பாக்கம் உள்ளிட்ட ஏரிகளுக்கு நீரைத் திருப்பியது. ஊர்ப்பெயரிலேயே பாசன மரபைத் தாங்கிய இவ்வட்டம், தோல் பதனிடும் ஊர்களான வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் கீழ்மடையில் அமைந்திருக்கிறது. மேல்மடையில் ஆற்றில் விடப்படுவது எதுவாயினும் கீழ்மடை உழவரின் கிணற்றைச் சென்றடையும் என்பது இப்படுகையின் புவியியல் உண்மை.

பட்டையிலிருந்து உலோகத்திற்கு

வட ஆற்காட்டுப் பகுதியில் தோல் பதனிடுதல் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டில் ஆகும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் முஸ்லிம் வணிகர்கள் இத்தொழிலில் முன்னின்றனர். சென்னையின் பெரியமேடு தோல் வணிகத்தின் மையமாக இருந்தது. பதனிடும் கூடங்களில் தோலைத் தொட்டு உழைத்தவர்களுள் ஒடுக்கப்பட்ட சாதியினர் பெரும் எண்ணிக்கையினர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் அன்றைய முதன்மைப் பதப்பொருள்கள். அவற்றால் பாதியளவு பதனிடப்பட்ட தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் லண்டன் சந்தைக்குச் சென்றது. முதல் உலகப் போரின்போது படைவீரர்களின் காலணித் தேவையால் இதன் வணிகம் மேலும் பெருகியது.

இம்முறை மாசற்றது என்று கருதுதல் பொருந்தாது. தோலைப் பதப்படுத்திக் காக்கும் உப்பும், மயிர் நீக்கும் சுண்ணாம்பும், சிதைந்த தசையும் கழிவில் இருந்தன. ஆயினும் அக்கழிவில் உலோக நஞ்சு முதன்மைக் கூறாக இருக்கவில்லை.

குரோமியத்தைத் தனிமமாக 1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோகலன் கண்டறிந்தார். அதன் உப்புகளால் தோலைப் பதனிடும் முறைக்கு 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றார். பின்னர் 1893இல் மார்ட்டின் டென்னிஸ் ஒரே தொட்டியில் பதனிடும் எளிய முறையை அளித்தார். பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல், குரோமியத்தில் ஓரிரு நாளில் பதமாகிவிடும், வெப்பத்தைத் தாங்கும், மென்மையாகவும் இருக்கும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னை மாகாணத்தில் குரோமியப் பதனிடலைப் பரப்ப முயன்றார். சென்னையின் புறநகரான குரோம்பேட்டை, அங்கு அமைந்த குரோம் லெதர் ஆலையால் பெயர் பெற்றது. ஓர் உலோகத்தின் பெயர் ஊர்ப்பெயராகும் அளவுக்கு அது புதுமையின் அடையாளமாகத் திகழ்ந்தது.

எனினும் பாலாற்றுப் படுகை முழுவதும் குரோமியத்திற்கு மாறியது விடுதலைக்குப் பின்னரே. சென்னை அடையாற்றில் 1948இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்து, சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று 1973இல் நடுவண் அரசு, பாதி பதனிடப்பட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடிக்கப்பட்ட தோலையும் தோற்பொருள்களையும் ஊக்குவித்தது. மூலப்பொருளை விற்பதைவிட முடித்த பொருளை விற்பது நாட்டுக்கு வருவாய் தரும் என்பது இதன் நோக்கம். அந்நோக்கம் நிறைவேறியது. அதே வேளையில், முன்பு ஐரோப்பியக் கூடங்களில் நிகழ்ந்த வேதிப் பணிகளும் அவற்றின் கழிவும் பாலாற்றங்கரைக்கு இடம்பெயர்ந்தன. அந்நியச் செலாவணி நாட்டின் கணக்கில் வரவாக எழுதப்பட்டது. கழிவு எவருடைய கணக்கிலும் எழுதப்படவில்லை.

உயிரினுள் குரோமியம்

குரோமியத்தின் நச்சுத்தன்மை அதன் வேதி வடிவத்தைப் பொறுத்தது. பதனிடும் கூடங்களில் பயன்படும் காரக் குரோமியம் சல்ஃபேட்டில் உள்ளது மூவிணைதிறக் குரோமியம். அது செல்சவ்வை எளிதில் கடப்பதில்லை. அறுவிணைதிறக் குரோமியமோ நீரில் எளிதில் கரைவது. குரோமேட் அயனியாகத் திரிவது. அந்த அயனியின் வடிவம், செல்லுக்குத் தேவையான சல்ஃபேட் அயனியின் வடிவத்தை ஒத்திருக்கிறது. ஆகையால் செல், சல்ஃபேட்டுக்கென வைத்திருக்கும் வாயிலிலேயே குரோமேட்டையும் உள்ளே ஏற்றுக்கொள்கிறது. உள்ளே சென்றதும் அஸ்கார்பிக் அமிலம், குளூட்டதயோன் போன்றவை அதனை மூவிணைதிற வடிவமாகக் குறைக்கின்றன. இவ்வொடுக்கத்தின் இடையே வினைத்திறன் மிக்க இடைப்பொருள்கள் தோன்றிச் செல்லைத் தாக்குகின்றன; இறுதியில் உருவாகும் குரோமியம் டி.என்.ஏ.வோடு பிணைந்து அதன் படியாக்கத்தைக் குலைக்கிறது. வெளியே நிற்கும்போது தீங்கு குறைந்த வடிவமே, செல்லினுள் உருவாகும்போது மரபுப்பொருளைக் கெடுக்கிறது.

இவ்விரு வடிவங்களுக்கும் இடையிலான எல்லை நிலையானதன்று. பதனிடும்போது தோல் ஏற்றுக்கொள்ளாத குரோமியம், மரபான முறையில் இட்ட அளவின் மூன்றில் ஒரு பங்கு வரை கழிவுநீரில் வெளியேறும். மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் மூவிணைதிறக் குரோமியத்தை அறுவிணைதிற வடிவமாக மாற்ற வல்லவை என்பதை 1979இல் பார்ட்லெட், ஜேம்ஸ் ஆகியோர் காட்டினர். தோல் துண்டுகளையும் சீவல்களையும் எரிக்கும்போதும் இம்மாற்றம் நிகழக்கூடும். மறுபுறம், கரிமப்பொருள் மிக்க மண்ணில் அறுவிணைதிறக் குரோமியம் ஒடுங்கி அசைவற்றுப் போவதும் உண்டு. ஆகவே ‘நாங்கள் பயன்படுத்துவது தீங்கற்ற குரோமியம்’ என்ற வாதமும், ‘குரோமியம் கலந்த மண் யாவும் கொடிய நஞ்சு’ என்ற வாதமும் முழு உண்மை ஆகா. எந்த மண், எந்த நீர், எந்த வடிவம் என்பதை அளந்தே கூற வேண்டும்.

தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராகக் கொண்டு, மனிதரை ஆறறிவுயிராக வைக்கிறது. உயிர் என்ற எண்ணிக்கையில் பயிரும் அடங்கும் என்ற இப்பார்வையில் தொடங்குவது நச்சியலுக்கும் பொருந்தும். மண் நுண்ணுயிர்கள் முதலில் பாதிப்படைகின்றன. மண்ணில் நைட்ரஜன் சுழற்சி தளர்கிறது. பயிர்களில் குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடுகிறது. வேர் வளர்ச்சி குன்றுகிறது, முளைப்புத்திறன் குறைகிறது, இரும்புச்சத்து இடம்பெயர்வது தடைப்பட்டு இலை வெளிறுகிறது. தானியத்துக்குச் செல்லும் அளவு ஒப்பீட்டளவில் குறைவு. மீன்களில் செவுள் திசு சிதைந்து மூச்சுப் பரிமாற்றம் கெடுகிறது.

மனிதரில் குரோமியம் தோலிலும் மூக்கிலும் நுரையீரலிலும் தடம் பதிக்கிறது. குரோமேட்டைத் தொட்டு உழைப்போரின் கைகளில் ஆழமான, எளிதில் ஆறாத புண்கள் தோன்றுகின்றன. மூக்கின் நடுச்சுவரில் துளை விழுகிறது. ஒருமுறை ஒவ்வாமை தோன்றிவிட்டால் பின்னர்ச் சிறிதளவு குரோமியமும் தோல் அழற்சியைத் தூண்டுகிறது. மூச்சுவழி உட்செல்லும் அறுவிணைதிறக் குரோமியம் நுரையீரல் புற்றுநோயை விளைவிப்பது உறுதிப்பட்டது. குடிநீர் வழிச் செல்வது இரைப்பையில் ஓரளவு ஒடுங்கிவிடும். ஆயினும் அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டத்தின் 2008ஆம் ஆண்டு ஆய்வு, குடிநீரில் அதிக அளவு குரோமேட் கொடுக்கப்பட்ட எலிகளின் வாயிலும் சுண்டெலிகளின் சிறுகுடலிலும் கட்டிகள் தோன்றியதைக் காட்டியது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் வரம்பு.

முன்பே அறியப்பட்ட நஞ்சு

இவ்வறிவு அண்மையில் தோன்றியதன்று. குரோமேட்டுடன் உழைத்தோரின் கைப்புண்களை 1827இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் கமின் என்ற மருத்துவர் விவரித்தார். அந்நகர்ப் பகுதியிலேயே 1890இல் குரோமிய நிறமித் தொழிலாளி ஒருவரின் மூக்கில் புற்றுக்கட்டி பதிவாயிற்று. தொழிலாளர் தலைவர் கீர் ஹார்டி 1899இல் வெளியிட்ட துண்டறிக்கைகள், கிளாஸ்கோ அருகே ஓவர்டவுன் பிரபுவின் குரோமேட் ஆலையில் உழைத்தோரின் நிலையைப் பொதுமக்கள் முன் வைத்தன. குரோமேட் ஆலைத் தொழிலாளரிடையே நுரையீரல் புற்றுநோய் மிகுந்திருப்பதை 1948இல் அமெரிக்காவில் மாக்கிள், கிரெகோரியஸ் ஆகியோர் புள்ளிவிவரத்தோடு நிறுவினர். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1990இல் அறுவிணைதிறக் குரோமியத்தை மனிதரில் புற்றுநோய் விளைவிப்பது உறுதியான முதல் வகுப்பில் சேர்த்தது.

இந்தியச் சட்டமும் இதனை அறிந்தேயிருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசுக்குக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய நோய்களைப் பட்டியலிட்டது. காரீய நச்சு, பாதரச நச்சு ஆகியவற்றோடு குரோமியப் புண்ணும் அதில் இடம்பெற்றது. தோல் தொழிலோடு தொடர்புடைய ஆந்த்ராக்ஸ் நோயும் அதே பட்டியலில் இருந்தது. அச்சட்டத்தின் 89ஆம் பிரிவு, இந்நோய்களைத் தெரிவிக்கும் கடமையை ஆலை மேலாளர் மீதும் மருத்துவர் மீதும் சுமத்தியது. மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்ட அதே ஆண்டில் குரோமியப் புண் சட்டத்தில் பெயர் பெற்றிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. எனவே 1973க்குப் பிந்தைய விரிவாக்கம் அறியாமையில் நிகழ்ந்தது எனக் கூறுவதற்கு இடமில்லை.

ராணிப்பேட்டைக் கழிவுமேடு

பதனிடும் கூடங்கள் பெருகியபோது குரோமிய உப்புக்கான தேவையும் பெருகியது. அத்தேவையை நிறைவு செய்ய 1970களின் நடுவில் ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை இயங்கத் தொடங்கியது. குரோமியத் தாதுவைச் சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றோடு உயர்வெப்பத்தில் வறுத்துக் குரோமேட்டைப் பிரித்தெடுப்பது இத்தகைய ஆலையின் அடிப்படைச் செயல்முறை. பிரித்தெடுத்த பின் எஞ்சும் கசடில் கால்சியம் குரோமேட் சிக்கியிருக்கும். மழைநீர் படும்போதெல்லாம் அது சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறும். 1995இல் ஆலை மூடப்பட்டபோது இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கசடு வளாகத்திலேயே குவிந்து கிடந்தது.

பதனிடும் கூடத்தின் கழிவையும் இக்கசடையும் பிரித்தறிதல் வேண்டும். முன்னதில் பெரும்பாலும் மூவிணைதிறக் குரோமியம். பின்னதில் நேரடியாக அறுவிணைதிறக் குரோமியம். முன்னது படுகை முழுவதும் பரவியது; பின்னது ஓரிடத்தில் செறிந்தது. அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006இல் வெளியிட்ட, உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டை இடம்பெற்றது.

2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகில் இரவு உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள். நீரைத் தூய்மைப்படுத்தும்போது நீங்கும் உலோகமும் உப்பும் மறைந்துவிடுவதில்லை. கசடாகத் திரண்டு வேறோர் இடத்தில் தங்குகின்றன. அக்கசட்டின் அருகில் வாழ நேர்ந்தவர் யார் என்பதை இந்நிகழ்வு வெளிப்படுத்தியது.

நீதிமன்றமும் இழப்பீட்டுக் கணக்கும்

வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வழங்கியது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் தேவைப்படுவதும், குரோமியப் பதனிடலில் ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுவதும் தீர்ப்பில் இடம்பெற்றன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் மேற்கொண்ட கணக்கெடுப்பின்படி, தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதும் பதிவாயிற்று. இந்திய ஏற்றுமதியில் தமிழ்நாட்டின் முடிக்கப்பட்ட தோல் ஏறத்தாழ 80 விழுக்காடு என்பதையும் நீதிமன்றம் மறுக்கவில்லை. எனினும் சூழலை அழித்து வளரும் உரிமை எத்தொழிலுக்கும் இல்லை என்று கூறியது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என அறிவித்தது. இந்தியச் சூழல் சட்ட வரலாற்றில் இத்தீர்ப்புக்குத் தனி இடம் உண்டு.

தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட சூழலியல் இழப்புத் தடுப்பு மற்றும் இழப்பீட்டு ஆணையம், நீதியரசர் பி. பாஸ்கரன் தலைமையில் வேலூர் மாவட்டத்தில் பாதிப்பை மதிப்பிட்டது. 2001 மார்ச் மாதத்தில் அதன் இழப்பீட்டு ஆணை வெளிவந்தது. 15 ஆயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலமும், 29 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களும் பாதிப்புக்குள்ளானவையாக அடையாளம் காணப்பட்டன. 1991 முதல் 1998 வரையிலான காலத்துக்கு ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய் இழப்பீடு வரையறுக்கப்பட்டது. இக்குடும்பங்களுள் பலருக்கு இழப்பீடு முழுமையாகச் சென்றடையாத நிலை நீடித்தது. ஏறக்குறைய கால் நூற்றாண்டுக்குப் பின், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், எஞ்சிய இழப்பீட்டை ஆறு வாரங்களுக்குள் வழங்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துப் பாலாற்றின் நிலையை ஆராயவும் ஆணையிட்டது.

இக்கணக்கின் அலகு யாது என்பதே இங்கு எழும் வினா. ஆணையம் மண்ணின் தன்மையையும் விளைச்சல் இழப்பையும் அடிப்படையாகக் கொண்டு பாதிப்பை மதிப்பிட்டது. நிலத்தை அளக்கலாம், பட்டாவில் பெயர் உண்டு, விளைச்சல் வீழ்ச்சியைப் பணமாக்கலாம். நிர்வாக நோக்கில் இது இயல்பான தேர்வு. ஆனால் இத்தேர்வுக்கு இரு விளைவுகள் இருந்தன.

முதலாவது வேதியியல் சார்ந்தது. பாலாற்றுப் படுகையில் சாகுபடி குன்றியதற்கு உப்பே மிகப் பெரிய காரணம். தோலைக் காக்க இடப்பட்ட சோடியம் குளோரைடு கழிவுநீர் வழி மண்ணில் சேர்ந்து உவர்நிலமாக்கியது. கரைந்த உப்புகளின் அளவையும் விளைச்சலையும் கொண்டு பாதிப்பை அளந்தால் உப்பின் தீங்கு கணக்கில் வரும். பயிரை உடனே கருக்காமல் வேரிலும் கசட்டிலும் தங்கும் உலோகத்தின் தீங்கு அக்கணக்கில் முழுமையாக வராது.

இரண்டாவது சமூகம் சார்ந்தது. நிலம் அலகானால் நிலமுடையவரே இழந்தவராகிறார். கூலி உழவர், பதனிடும் கூடத்தின் சுண்ணாம்புத் தொட்டியிலும் குரோமிய உருளையிலும் உழைத்தவர், ஊர்க்கிணற்று நீரைக் குடித்த நிலமற்ற குடும்பத்தினர் ஆகியோருக்கு அக்கணக்கில் தனி வரிசை இல்லை. நிலமற்றோருள் தலித்துகள் மிகுதியாக இருக்கும் இவ்வட்டாரத்தில், அளவுகோலின் தேர்வு சாதியின் கோட்டையும் தொட்டுச் செல்கிறது.

பெயரிடப்படாத நோய்

ஜப்பானின் மினமாட்டாவில் ஆலைக்கழிவின் பாதரசத்தால் எழுந்த நோய் 1956இல் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. அந்நோய் ஊரின் பெயரையே பெற்றது. தொயாமா பகுதியில் காட்மியத்தால் எலும்பு நலிந்தோரின் துன்பம் ‘இத்தாய் இத்தாய்’ எனப் பெயர் பெற்று, 1968இல் மாசால் விளைந்த நோயாக அரசால் ஏற்கப்பட்டது. நோய்க்குப் பெயர் கிடைத்ததும் நோயாளியே சான்றாகிறார். உடலே இழப்பீட்டின் அலகாகிறது.

தமிழ்நாட்டிலும் இதற்கு நிகரான வழக்கு உண்டு. கொடைக்கானலில் இந்துஸ்தான் யூனிலீவரின் வெப்பமானி ஆலை, பாதரசக் கழிவு வெளிப்பட்டதைத் தொடர்ந்து 2001இல் மூடப்பட்டது. தொழிலாளர் நடத்திய நெடிய போராட்டத்தின் பின், 2016இல் 591 முன்னாள் தொழிலாளருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. அங்கு முன்னின்றவர் நிலவுடைமையாளர் அல்லர், உலோகத்தோடு உழைத்தவர்.

பாலாற்றுப் படுகையில் நோய்க்கு அத்தகைய பெயர் தோன்றவில்லை. இதற்குக் காரணங்கள் உள. குரோமியப் பாதிப்புக்கு மினமாட்டா நோய் போன்ற, கண்டதும் அறியத்தக்க தனி அடையாளம் பொதுமக்களிடையே இல்லை. தோல் அழற்சி, மூக்குப்புண், நாள்பட்ட இருமல் ஆகியவை வேறு காரணங்களாலும் வருபவை. பல நூறு சிறு கூடங்களில் சிதறி உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்குத் தொடர்ந்த மருத்துவப் பதிவு இராது. தொழிலே வாழ்வாதாரமாக இருக்கையில் நோயைக் கூறுவது வேலையை இழப்பதாகவும் முடியலாம்.

அரசு ஆவணம் எழுதாததை இலக்கியம் ஓரளவு எழுதியது. டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல், திண்டுக்கல் பதனிடும் கூடங்களின் தொழிலாளர் வாழ்வையும் அவர்தம் சங்க இயக்கத்தையும் பொருளாகக் கொண்டது. 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அந்நாவல் காட்டும் காலம் குரோமியப் பெருக்கத்துக்கு முந்தையது. எனினும் தோல் தொழிலின் வரலாற்றை உழைப்பவரின் உடலிலிருந்து எழுதலாம் என்பதற்கு அது முன்மாதிரியாகிறது. பாலாற்றுக்கு அத்தகைய வரலாறு வேண்டப்படுகிறது.

தொழில்நுட்பத் தீர்வுகள் தோன்றாமல் இல்லை. மக்னீசியம் ஆக்சைடால் குரோமியத்தை வீழ்படிவாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்தும் முறை பரவியது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை முதலிய ஊர்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. கழிவுநீரை வெளியேற்றாத முறைக்கும் அவை மாறின. இவை ஆற்றுக்குச் செல்லும் உலோகத்தைக் குறைத்தன என்பதை ஏற்க வேண்டும். ஆயினும் இவை அளப்பது குழாயின் முனையில் வரும் நீரை. அந்நீரின் கரைந்த உப்பு, மொத்தக் குரோமியம் ஆகியவற்றுக்கு வரம்பு உண்டு. உருளையருகே நிற்பவரின் சிறுநீரில் உள்ள குரோமியத்தை முறையாக அளந்து, நீண்டகால அடிப்படையில் பொதுவில் வைக்கும் கடமை இந்நிலையங்களின் பணியில் சேர்க்கப்படவில்லை.

முடிவுரை

இவ்வாய்வின் வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு அமைகின்றன.

முதலாவதாக, பாலாற்றுப் படுகையில் குரோமியம் பெருகியது தனிமனிதப் பேராசையால் மட்டும் விளைந்ததன்று. 1973ஆம் ஆண்டின் ஏற்றுமதிக் கொள்கையும், உலகத் தோல் வணிகத்தின் இடப்பெயர்வும் அதன் அடித்தளங்கள். பொறுப்பைப் பகிரும்போது கொள்கை வகுத்த அரசும் கணக்கில் வர வேண்டும்.

இரண்டாவதாக, குரோமியத்தின் உடற்தீங்கு இவ்விரிவாக்கத்துக்கு முன்பே அறிவியலிலும் சட்டத்திலும் பதிவாகியிருந்தது. குறைந்தது அறிவன்று, அறிந்ததைச் செயற்படுத்தும் நிறுவன முயற்சியே.

மூன்றாவதாக, நீதிமன்றத் தீர்ப்பு பெற்றுத்தந்த கோட்பாடுகள் பெருமைக்குரியவை. அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவந்த அளவுகோல் நிலத்தை மையமாகக் கொண்டதால், நிலமற்றவரின் உடல் கணக்கின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது.

இக்குறையை நீக்கும் வழிகள் ஆய்வாளரின் கையிலும் உள்ளன. தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆம் பிரிவின் கீழ் அளிக்கப்பட்ட நோய் அறிவிப்புகள், தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவமனைப் பதிவேடுகள், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அளவீடுகள், தொழிற்சங்க ஆவணங்கள், ஓய்வுபெற்ற தொழிலாளரின் வாய்மொழி வரலாறுகள் ஆகியவற்றை ஒருங்கே தொகுத்து ஆராய்தல் வேண்டும். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டதால் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திலும், ராணிப்பேட்டை தனி மாவட்டமாகவும், அணைக்கட்டும் பேரணாம்பட்டும் வேலூரிலும் அமைந்துள்ளன. மேல்மடையின் ஆவணம் ஓர் அலுவலகத்திலும் கீழ்மடையின் ஆவணம் மற்றோர் அலுவலகத்திலும் தங்கும் நிலையில், ஆற்றுப்படுகையை அலகாகக் கொண்ட ஆய்வு இன்றியமையாததாகிறது.

அணைக்கட்டு வட்டம் போன்ற கீழ்மடைப் பகுதிகளில் கிணற்று நீரின் குரோமியத்தை வடிவம் பிரித்து அளப்பதும், அந்நீரைக் குடிப்பவரின் உடல்நலத்தை அதனோடு இணைத்துப் பதிவு செய்வதும் வேதியியல், மருத்துவம், வரலாறு ஆகிய துறைகள் கூடிச் செய்ய வேண்டிய பணிகள். உருளையில் உழைத்த தலைமுறையினர் முதுமை எய்திவருகின்றனர். அவர்களது உடலும் நினைவுமே இவ்வரலாற்றின் முதன்மைச் சான்றுகள். அவை மறைவதற்கு முன் பதிவு செய்யப்பட்டால்தான் நிலத்தின் கணக்கோடு உடலின் கணக்கும் எழுதப்பட்டதாகும்.